வாடகையில் கழிக்கப் போகும் பழுதுக்கு ஒரு பிளம்பிங் நிறுவனம்: குழாய் வேலை நேர்த்தி, காகித வேலை சுமார்

குளியலறைச் சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீட்டு உரிமையாளர் ஒன்பது வாரங்களாக இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால், கடைசியில் ஒரு பிளம்பிங் நிறுவனத்தை நானே அழைத்து வேலையை முடித்து, அதற்கான செலவை இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொண்டேன். இந்த மதிப்புரை அந்த நிறுவனத்தின் சேவையைப் பற்றியது. நிறையோடு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே நிலையில் இருக்கும் வாடகைதாரர் எந்த நிறுவனத்தை அழைத்தாலும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் இடறுவார் என்பதால், பெயர் இல்லாமலும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

சொந்த வீட்டில் இருப்பவர் பிளம்பரை அழைத்தால், கசிவு நின்றதா, சுவர் காய்ந்ததா, கேட்ட தொகை நியாயமா என்பதோடு அவருடைய கேள்விகள் முடிந்துவிடும். வேலையைப் பார்ப்பவரும் பணம் கொடுப்பவரும் அவரே. வாடகையில் கழிக்கப் போகிறவரின் நிலை வேறு. செலவை இறுதியில் ஏற்க வேண்டியவர் வேலை நடக்கும்போது அந்த அறையில் இருக்கமாட்டார். அப்படியொரு வேலை தேவையே இல்லை என்றுகூட அவர் பின்னர் வாதிடலாம். எது பழுதானது, ஏன் பழுதானது, எப்போது கண்டறியப்பட்டது, எதற்கு எவ்வளவு ஆனது என்பதையெல்லாம் அவருக்கும், தகராறு முற்றினால் ஒரு நடுவருக்கும் எடுத்துச் சொல்லப்போவது பிளம்பர் விட்டுச்செல்லும் காகிதம்தான். ஆகவே இந்த நிறுவனத்தைக் குழாய் வேலைக்காக ஒரு முறையும் காகித வேலைக்காக இன்னொரு முறையும் மதிப்பிட வேண்டியிருக்கிறது. முதலாவதில் அவர்களிடம் குறை காண்பது கடினம். இரண்டாவதில், வீட்டுக்கு வந்த ஆள் கெட்டிக்காரர், அலுவலகம் அலட்சியமானது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பி உதிரத் தொடங்கியது. முதலில் தொலைபேசியில் சொன்னேன். பிறகு புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்காவது வாரம் உரிமையாளர் ஒரு பெயிண்டரை அனுப்பினார். அவர் உப்பிய இடத்தைச் சுரண்டி, பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். பத்து நாளில் அது மறுபடியும் உப்பியதோடு, அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சையும் படர்ந்தது. ஏழாவது வாரம்தான் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கையெழுத்திட்ட நாளிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். சுவருக்குள் பதிந்த குழாய்கள் பழுதானால் அது உரிமையாளர் பொறுப்பு என்றும், எழுத்துமூலம் தெரிவித்து 14 நாட்களுக்குள் அவர் சரிசெய்யாவிட்டால் வாடகைதாரர் தாமே செய்து, ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மிகாமல் கழித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அன்று மாலையே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அறிவிப்பை அனுப்பினேன்.

அறிவிப்பு அனுப்பிய எட்டாம் நாள் இந்த நிறுவனத்தைப் பரிசோதனைக்கு அழைத்தேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஒரு மூத்த பிளம்பரும் ஓர் உதவியாளரும் வந்தார்கள். சுவரைப் பார்த்ததுமே மூத்தவர், "இன்னைக்கே உடைச்சுப் பார்த்துடலாம் தம்பி, ரெண்டு நாள் வேலை" என்றார். சாமான்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வேறொரு சூழலில் இந்த வேகத்தைப் பாராட்டியிருப்பேன். அவகாசம் இன்னும் முடியவில்லை, இன்று பரிசோதனை மட்டும் போதும் என்று நான் சொன்னது அவருக்கு வியப்பாக இருந்தது. "ஒழுகுற குழாய்க்குக்கூட நாள் பார்க்கணுமா?" என்று சிரித்தார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் வாடகையில் கழிக்கும் உரிமை பெரும்பாலான இடங்களில் அந்த நாள் பார்ப்பதில்தான் நிற்கிறது. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இதற்கென ஓர் உட்பிரிவு உண்டு: உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக்குப் பின் நியாயமான காலத்துக்குள் செய்யத் தவறினால், வாடகைதாரர் தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். கலிஃபோர்னியாவின் உரிமையியல் சட்டத் தொகுப்பு, அறிவிப்புக்குப் பின் 30 நாள் காத்திருந்தால் அதை நியாயமான அவகாசமாகக் கொள்கிறது; நிலைமை அவசரமானால் அதைவிடக் குறைந்த காலமும் போதும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரிய குழாய்க் கசிவு, கூரை ஒழுக்கு போன்ற அவசரப் பழுதுகளுக்கு, உரிமையாளர் கொடுத்திருக்கும் எண்ணில் குறைந்தது இரண்டு முறை அழைத்துப் பார்த்து, நியாயமான நேரம் கொடுத்த பிறகே வாடகைதாரர் வேலையில் இறங்கலாம். ஜெர்மனியில் ஒரு வாடகைதாரர் உரிமையாளருக்கு அவகாசமே தராமல் வெப்பமூட்டும் அமைப்பைத் தாமே சரிசெய்துவிட்டுச் செலவைக் கேட்டபோது, அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2008-இல் அதை ஏற்க மறுத்தது. பழுது உண்மையிலேயே இருக்கிறதா, எதனால் வந்தது என்று நேரில் பார்த்துச் சான்றுகளைப் பாதுகாத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பு உரிமையாளருக்கு உரியது என்பதே அதன் அடிப்படை. சுவரை உடைத்துப் பூசிய பிறகு அந்த வாய்ப்பு திரும்ப வராது.

ஆகவே ஒரு நிறுவனம் வந்த அன்றே உளியை எடுப்பது வாடகைதாரருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. முன்பதிவு செய்யும்போது அவர்கள் கேட்ட பத்துக் கேள்விகளில் மாடி எத்தனையாவது, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பவையெல்லாம் இருந்தன. நீங்கள் உரிமையாளரா, வாடகைதாரரா என்ற ஒரு கேள்வி மட்டும் இல்லை. அதைச் சேர்த்தால் பாதிச் சிக்கல் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

பரிசோதனை நடந்த விதத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். முதலில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, தண்ணீர் மீட்டரின் சிறு சக்கரத்தைப் பார்த்தார்கள். அது மெதுவாகச் சுற்றிக்கொண்டேயிருந்தது. கழிவுநீர்க் குழாயிலோ தரை இணைப்புகளிலோ மட்டும் கசிவு இருந்தால் மீட்டர் அசையாது. தண்ணீர் வரும் வழியில்தான் ஓட்டை என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடுத்து, குளிர்நீர் வழியையும் வெந்நீர் வழியையும் தனித்தனியே அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அளவுமானியைக் கவனித்தார்கள். குளிர்நீர் வழியில் முள் அசையவில்லை. வெந்நீர் வழியில் அரை மணி நேரத்தில் நான்கிலிருந்து ஒன்றரைக்கு இறங்கியது. உதவியாளர் இரண்டையும் தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஈரமானியைச் சுவரில் ஒன்பது இடங்களில் வைத்து, ஒவ்வோர் எண்ணையும் அந்தந்த இடத்திலேயே பென்சிலால் எழுதினார்கள். எண்கள் ஒரு புள்ளியை நோக்கி ஏறிக்கொண்டே போயின. எங்கே உடைக்க வேண்டும் என்பதை அந்தச் சுவரே எழுதிக் காட்டியது போல இருந்தது.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், உரிமையாளரின் முதல் பதில் நான் எதிர்பார்த்தபடியே வந்தது: துண்டு போடும் கம்பியை மாட்ட நான் சுவரில் துளையிட்டதால்தான் குழாய் ஓட்டையாயிற்று என்றார். இதைக் கேட்டதும் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன். வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தை வாடகைதாரர் கழிக்க முடியாது என்பது இப்படிப்பட்ட சட்டங்களில் பொதுவான விதிவிலக்கு. மூத்த பிளம்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பேசாமல் ஒரு கம்பியை எடுத்து அந்தத் துளைக்குள் விட்டார். நான்கு சென்டிமீட்டர் ஆழம். பிறகு, ஈரம் மிகுந்த புள்ளிக்கும் அதற்கும் இடையே நாடாவைப் பிடித்தார். அறுபது சென்டிமீட்டருக்கு மேல். இரண்டையும் நாடா தெரியும்படி படம் எடுக்கச் சொன்னார். ஒரு சொல்லும் வாதாடாமல் அந்தக் குற்றச்சாட்டு முடிந்தது. இந்தச் சேவையில் நான் கொடுத்த பணத்துக்கு மிகச் சிறந்த இரண்டு நிமிடங்கள் அவை.

இவ்வளவு கவனமாக நடந்த பரிசோதனையின் அறிக்கை மறுநாள் மின்னஞ்சலில் வந்தபோது திடுக்கிட்டேன். அச்சிட்ட படிவம், படங்கள் இரண்டே இரண்டு. "காரணம்" என்ற இடத்தில் தேய்மானம், வெளிச்சேதம், தெரியவில்லை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அலுவலகத்தில் யாரோ மூன்றாவதில் குறியிட்டிருந்தார்கள். களத்தில் இருந்தவருக்குக் காரணம் தெரியும், அறிக்கைக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, உடைத்துப் பார்க்காமல் காரணத்தை உறுதியாக எழுத மாட்டோம் என்றார்கள். அது நேர்மையான பதில், நான் மறுக்கவில்லை. ஆனால் "தெரியவில்லை" என்று எழுதுவதற்கும், "உடைத்த பின் உறுதிசெய்யப்படும், துளையிட்ட இடம் கசிவுப் புள்ளியிலிருந்து விலகியுள்ளது" என்று எழுதுவதற்கும் இடையில்தான் ஒரு வாடகைதாரரின் மாத வாடகை தொங்குகிறது. நான் வற்புறுத்திய பிறகு இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்து, எல்லாப் படங்களோடும் திருத்திய அறிக்கையை அனுப்பினார்கள். அதற்கு மூன்று நாள் ஆனது.

அந்த அறிக்கையையும் அவர்களுடைய செலவு மதிப்பீட்டையும், வேறு இரண்டு இடங்களில் வாங்கிய மதிப்பீடுகளையும் சேர்த்து உரிமையாளருக்கு அனுப்பி, இந்தத் தேதிக்குள் நீங்கள் ஆள் அனுப்பாவிட்டால் இவற்றில் இன்னாரிடம் வேலையைக் கொடுப்பேன் என்று எழுதினேன். இங்கிலாந்தில் வாடகைதாரர்களுக்குச் சொல்லப்படும் வழிமுறை இதுதான். அங்கே இந்த உரிமை தனிச் சட்டமாக இல்லாமல் வழக்குகளின் வழியே நிலைபெற்றது. 1971-இல் தீர்ப்பான லீ-பார்க்கர் எதிர் இசெட் வழக்கைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். மூன்று மதிப்பீடுகள் இருந்தால், தொகை அதிகம் என்ற வாதத்துக்கு இடமிருக்காது. இந்த நிறுவனத்தின் மதிப்பீடு மூன்றில் நடுவிலிருந்தது. குறைந்த தொகை கேட்டவர் மீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து ஏதோ ஊசி மருந்து செலுத்திக் கசிவை அடைத்துவிடலாம் என்றார். அவரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதினேன்.

மதிப்பீட்டைப் பற்றிப் பேசும்போது ஓர் உறுத்தலையும் சொல்லியாக வேண்டும். மூத்த பிளம்பர் கையால் எழுதிய பட்டியல் தெளிவாக இருந்தது: குழாய் இத்தனை அடி, எல்போ (குழாய் வளையும் இடத்தில் போடும் இணைப்பு) இத்தனை, உடைப்புக் கூலி, பூச்சு, நீர்த்தடுப்புப் பூச்சு, எட்டு டைல்ஸ். மறுநாள் அலுவலகத்திலிருந்து அழைத்த விற்பனைப் பிரிவினர், "எப்படியும் வீட்டு ஓனர் காசுதானே சார், சுவர் முழுக்கப் புது டைல்ஸ் போட்டு, பாத்ரூம் மிக்ஸர் டேப்பையும் நல்ல கம்பெனியா மாத்திடலாமே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். விற்பது அவர் வேலை. ஆனால் பழுது பார்ப்பதற்கும் வீட்டை மெருகேற்றுவதற்கும் உள்ள கோடு இந்த விஷயத்தில் மிகக் கறாரானது. உடைந்ததை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைத்தான் கழிக்க முடியும். ஒரு சுவர் டைல்ஸுக்கு ஆசைப்பட்டால் குழாய்க்கான நியாயமான தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். பழைய டைல்ஸின் நிறத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும் எட்டை மட்டும் போடச் சொன்னேன். இப்போது உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது, தெரியட்டும்.

பதினான்காம் நாள் நள்ளிரவு வரை அந்தக் கடிதத்துக்குப் பதில் இல்லை. பதினாறாம் நாள் வேலை தொடங்கியது.

வேலையில் சொல்லத்தக்க குறை இல்லை. குளியலறைப் பக்கம் மட்டும் உடைத்தார்கள். படுக்கையறையில் தூசு படாமல் பிளாஸ்டிக் விரிப்பால் கதவை மூடினார்கள். உள்ளே பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அதை ஒட்டிப் பித்தளை வால்வு. இரும்புக் குழாயின் துத்தநாகப் பூச்சும் பித்தளையும் தண்ணீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரைந்துகொண்டே போகும் என்றும், வெந்நீரில் அது இன்னும் வேகமாக நடக்கும் என்றும் மூத்தவர் விளக்கினார். வால்வுக்கு அடுத்த எல்போவில்தான் துளை இருந்தது. அதை அறுத்து எடுத்து நீளவாக்கில் பிளந்து என்னிடம் காட்டினார். உள்பக்கம் ஒரு சிறு கிண்ணம்போல அரிக்கப்பட்டு, வெளிப்பக்கம் ஊசிமுனை அளவே திறந்திருந்தது. ஆணியோ துளைப்பானோ பட்டிருந்தால் வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் இருக்கும், இது நேர்மாறு. "இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி, இதுதான் உங்க சாட்சி" என்று ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தேதியையும் இடத்தையும் எழுதிக் கொடுத்தார். அவருக்குச் சட்டப் பிரிவு எதுவும் தெரியாது. நாற்பது வருடம் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் நின்று பேச்சு வாங்கிய அனுபவம் அது.

அந்தப் பகுதி முழுவதும் வெந்நீருக்கு ஏற்ற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயாக மாற்றி, பூசுவதற்கு முன் மறுபடியும் அழுத்தம் ஏற்றி, இம்முறை ஒரு மணி நேரம் முள் அசையாததைப் படம் எடுத்தார்கள். பூச்சு காய ஒரு நாள் விட்டு, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, மறுநாள் டைல்ஸ் பதித்தார்கள். இரண்டு நாள் என்று சொன்ன வேலைக்கு நான்கு நாள் ஆனது. அவசரப்படுத்தாமல் காயவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. முதலிலேயே நான்கு என்று சொல்லியிருக்கலாம்.

வேலை முடிந்த நாளில் குளியலறையில் தண்ணீர் திறக்கும் குழாய் (டேப்) ஒன்றும் சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதையும் மாற்றித் தரச் சொன்னேன். இது என் செலவு என்பது என் மனத்தில் தெளிவாக இருந்தது. அலுவலகத்தின் மனத்தில் இல்லை. வந்த பில்லில் ஒரே ஒரு வரி: "குளியலறை குழாய் வேலை, முழுமையாக." கையால் எழுதிய அந்த அழகான பட்டியல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பரிசோதனைக் கட்டணம், சுவர்க் குழாய், டைல்ஸ், நான் தனியாகக் கேட்ட குழாய் மாற்றம் எல்லாம் ஒரே தொகையில் கரைந்திருந்தன.

இப்படிப்பட்ட பில்லை உரிமையாளரிடம் கொடுப்பது, வென்ற வழக்கைத் தோற்பதற்கு ஒப்பானது. இந்தியாவில் 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மாநிலம் தன் சட்டமாக ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும் என்றாலும், யார் எதைச் செய்ய வேண்டும் என்று அது பிரித்திருக்கும் விதம் எவருக்கும் வழிகாட்டக்கூடியது. கட்டடத்தின் அமைப்புசார்ந்த பழுதுகள், சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர் ஓடும் குழாய்களை (பைப்) மாற்றுவது, மின் கம்பிகளைப் பராமரிப்பது எல்லாம் உரிமையாளர் பக்கம். தண்ணீர் திறக்கும் குழாயின் (டேப்) வாஷர், அந்தக் குழாயின் மாற்றம், வடிகால் சுத்தம், கழிப்பறை, கைகழுவும் தொட்டி, கீசர் ஆகியவற்றின் பழுது, சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியவை வாடகைதாரர் பக்கம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இவ்வாறே பொறுப்புகளை அட்டவணையாகப் பிரிக்கிறது. என் ஒப்பந்தமும் ஏறக்குறைய அதே பிரிவினைதான். சுவருக்குள் இருக்கும் குழாயும் வெளியே சொட்டும் குழாயும் பேச்சுவழக்கில் ஒரே சொல். செலவை ஏற்பவர்கள் இருவர். இரண்டும் ஒரே வரியில் வந்தால், என் பங்கையும் அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று உரிமையாளர் சொல்வதற்கு நானே வழி செய்து கொடுத்தவனாவேன்.

பில்லைப் பிரித்துத் தரச் சொல்லி மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். முதல் முறை, கணினியில் அப்படித்தான் வரும் என்றார்கள். இரண்டாம் முறை பேசியவர், பில்லே வேண்டாம் என்றால் வரி இல்லாமல் ரொக்கமாக வாங்கிக்கொள்வோம், உங்களுக்கும் மிச்சம் என்று யோசனை சொன்னார். வாடகையில் கழிக்கப் போகிறவருக்கு இதைவிடக் கெட்ட யோசனை இருக்க முடியாது. வங்கி வழியாகப் போன பணமும் அதற்கு நேரான பில்லும் இல்லையென்றால், நான் செலவு செய்ததற்கே ஆதாரம் இல்லை. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது தனி. மூன்றாம் முறை, மூத்த பிளம்பரின் பெயரைச் சொல்லி அவர் எழுதிய பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு, ஆறாம் நாள் இரண்டு தனித்தனி பில்கள் வந்தன.

கணக்கைத் தொகையாகச் சொல்லாமல் விகிதமாகச் சொல்கிறேன், எவருக்கும் பொருந்தும். மொத்தச் செலவு என் மாத வாடகையில் 92 விழுக்காடு. அதில் சுவர்க் குழாய், உடைப்பு, பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 80. நான் தனியே கேட்ட குழாய் மாற்றம் 7. பரிசோதனைக் கட்டணம் 5. ஒரே மாதத்தில் 80-ஐயும் கழிக்க ஒப்பந்தம் இடம் தராது. முதல் மாதம் 50, அடுத்த மாதம் 30 என்று கழித்தேன். மேலே சொன்ன மாதிரிச் சட்டமும் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்றே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் அளவுகோல் வேறு: செலவு ஒரு மாத வாடகைக்கு மிகக் கூடாது, 12 மாதங்களில் இரண்டு முறைக்கு மேல் இந்த உரிமையைப் பயன்படுத்தவும் கூடாது. இந்த வரம்புகளை நிறுவனங்கள் தெரிந்துவைத்திருந்தால் தவணையில் பணம் வாங்கும் ஏற்பாட்டை அவர்களே முன்வைக்கலாம். ஏனென்றால் பில்லை நான் ஒரே தடவையில் கட்டினேன்; அது எனக்குத் திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. பாதி வாடகைக்கும் முழு பில்லுக்கும் ஒரே மாதத்தில் வழியில்லாதவர்களுக்கு இந்த உரிமை ஏட்டில் மட்டும் இருக்கும்.

உரிமையாளர் முதலில் கொதித்தார். "என்னைக் கேட்காம எப்படிக் கழிப்பீங்க?" என்ற கேள்விக்கு, அறிவிப்பு, திருத்திய அறிக்கை, மூன்று மதிப்பீடுகள், படங்கள், பில், வங்கிச் சான்று ஆகியவற்றை வரிசையாக அனுப்பி, பிளந்த எல்போவை அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று எழுதினேன். சொட்டிய குழாயின் பில்லையும், இது என் செலவு, கழிக்கவில்லை என்ற குறிப்போடு சேர்த்தேன். அவர் மனம் இறங்கியதற்கு அந்தக் கடைசிக் காகிதமே காரணம் என்று பின்னர் பேச்சுவாக்கில் தெரிந்தது. இரண்டாம் மாத வாடகை ரசீதில் "பழுதுச் செலவு போக" என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டார். பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் ஏற்க மாட்டேன் என்றார். பழுதைக் கண்டறியாமல் சரிசெய்ய முடியாது என்பதால் அதுவும் பழுதின் செலவுதான் என்பது என் கருத்து. ஆனால் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஐந்து விழுக்காட்டுக்காக மறுபடியும் கடிதம் எழுத எனக்குத் தெம்பும் இல்லை. விட்டுவிட்டேன். வேலை தங்களுக்கே கிடைத்தால் பரிசோதனைக் கட்டணத்தை வேலைத் தொகையில் வரவு வைக்கும் நிறுவனங்கள் உண்டு. இவர்கள் அப்படிச் செய்வதில்லை. அழைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே நிறுவனத்தை மறுபடியும் அழைப்பேனா என்று கேட்டால், அழைப்பேன். அந்த மூத்த பிளம்பர் வருவார் என்று உறுதி கிடைத்தால் மட்டும். முதல் தொலைபேசியிலேயே நான் வாடகைதாரர், செலவை வாடகையில் கழிக்கப் போகிறேன், எனக்குக் காரணத்தைச் சொல்லும் அறிக்கையும் வரிவரியான பில்லும் வேண்டும், அவற்றைத் தந்த பிறகே கடைசித் தவணையைத் தருவேன் என்று சொல்லிவிடுவேன். நான் முழுத் தொகையையும் வேலை முடிந்த அன்றே கட்டியது என் தவறு. பணம் கைக்கு வந்த பிறகு காகிதத்தைப் பற்றிய அக்கறை எந்த அலுவலகத்திலும் குறைந்துதான் போகும்.

மூன்று மாதம் கழித்து உத்தரவாதப் பரிசோதனைக்கு அவர்களே தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார்கள். ஈரமானி எல்லா இடங்களிலும் காய்ந்த சுவருக்குரிய எண்ணையே காட்டியது. ஒரே ஒரு விஷயம் இன்னும் பாக்கியிருக்கிறது. இரண்டு ஆண்டு உத்தரவாதத்தை என் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வீட்டைக் காலி செய்தால் அது செல்லாது. குழாய் வீட்டோடு இருக்கிறது, பணத்தை இறுதியில் ஏற்றவர் உரிமையாளர், உத்தரவாதம் மட்டும் என்னோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவதில் பொருளில்லை. வீட்டு முகவரிக்கு மாற்றித் தரும்படி எழுதினேன். சரி என்று மின்னஞ்சலில் பதில் வந்து ஐந்து வாரம் ஆகிறது. மாற்றிய சான்று இன்னும் வரவில்லை.